ஒரே ஒரு ரிங்

"ஏங்க, இங்க இருந்த போன் எங்க?"

கண்ணாடிக்காரர் வாயில் பிரஷ்ஷோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கூடத்து மூலையில், கையில் சீப்போடு, பாதி வாரிய தலையோடு மனைவி நின்றிருந்தாள். முக்காலியின் மேல் தூசி படியாத சதுரம் ஒன்று மட்டும் இருந்தது.

"நேத்து டெலிபோன் ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துட்டேன். யாரு பேசறா அதுல?"

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"நீதானே சொன்னே, இதுக்குத் தூசி தட்டியே கை தேய்ஞ்சு போச்சுன்னு."

"கை தேய்ஞ்சா கையைக் குடுத்துடுவீங்களா? இப்ப அந்த ரிங் எங்க வரும்? உங்க தலையிலயா?"

பிரஷ் அப்படியே நின்றது. ரிங்! அதை அவர் சுத்தமாக மறந்துபோயிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரிலுள்ள அத்தனை கண்ணுக்கும் பவர் பார்ப்பவர். வீட்டில் இருப்பது எதுவும் அவர் கண்ணில் படாது என்பது மனைவியின் நெடுநாள் கட்சி. இன்று அந்தக் கட்சி ஜெயித்துவிட்டது.

அந்த ரிங்குக்கு ஒரு கதை உண்டு. அவருடைய மாமனார் வேலைக்குச் சேர்ந்தது தந்தி ஆபீஸில், ஓய்வு பெற்றதும் அங்கேதான். தந்தி போய்விட்டது, ஆனால் அவர் மட்டும் தந்தியாகவே இருந்தார். சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'தந்தி' என்றுதான் சொல்வார்கள். "சாப்பிட்டீங்களா?" என்றால் "ஆச்சு." "உடம்பு எப்படி இருக்கு?" என்றால் "இருக்கு." ஒரு சொல்லுக்கு மேல் யாராவது இரண்டாவது சொல் கேட்டால், கையிலிருந்து எதையோ பிடுங்குவதுபோலப் பார்ப்பார்.

மகள் விடுதியில் தங்கிப் படித்தபோது அவர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். "போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விடு. கட் பண்ணு. நாங்க எடுக்க மாட்டோம்." அந்த ஒரு ரிங்கில் 'வந்துட்டேன், நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்க' எல்லாம் அடக்கம். கல்யாணம் ஆன பிறகும் அந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

பிறகு அம்மா இறந்தாள். மகளுக்குச் செய்தி அம்மாவின் செல்போனிலிருந்து வந்தது.

"அம்மா இறந்துவிட்டாள். நான்கு மணிக்கு அடக்கம். வரவும்."

அடக்கம் முடிந்து வந்த கையோடு மகள் அப்பாவின் எதிரில் போய் நின்றாள். "எங்கம்மா செத்ததைச் சொல்றதுக்கு இதுதானா? விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு வார்த்தை வாய் திறந்து பேசக் கூடாதா?"

"சேதி அவ்வளவுதான்" என்றார் தந்தி.

அத்தோடு பேச்சு நின்றது. "அந்த வாரம் பூரா லைன் டெட்டும்மா, எக்ஸ்சேஞ்ச்ல என்னமோ மாத்திக்கிட்டிருந்தாங்க" என்று கண்ணாடிக்காரர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். "மெசேஜ் போட்ட செல்போன்ல பேச முடியாதா?" என்றாள் அவள்.

லைன் சரியான மறுநாள் காலை, கூடத்துப் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். "அப்பா" என்றாள், யாரிடமும் இல்லாமல். மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாளும். அன்றிலிருந்து எத்தனையோ வருஷம், ஒரு நாள் தப்பவில்லை. அவள் எடுக்கவும் இல்லை, திருப்பி விடவும் இல்லை. "முதல் படி அவரே இறங்கிட்டார். ரெண்டாவது படியும் அவரே இறங்கட்டும்" என்பாள். ஆனால் ஒரு நாள்கூட அந்த நேரத்துக்கு அவள் முக்காலியை விட்டு நகர்ந்ததில்லை.

அந்தப் போனைத்தான் கண்ணாடிக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்.

அன்றே டெலிபோன் ஆபீஸுக்கு ஓடினார். சாயங்காலம் தோளில் சுருளோடு லைன்மேன் வந்தார்.

"பழைய லைன் திரும்பக் கிடைக்காது சார். இந்தத் தெருவுல நேத்தோட செம்புக் கம்பியைப் பூரா உருவியாச்சு. இனிமே கண்ணாடி இழைதான்."

"கண்ணாடியா? என்ன பவர்?"

"உங்க தொழில்ல கேக்கறீங்க. இது வேற, பேச்சு வெளிச்சமா ஓடும் சார். அதே நம்பர் வாங்கிக் குடுத்துடறேன். கோளாறுங்கிற பேச்சே இருக்காது."

முக்காலியில் புதுப் போன் உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் பச்சை விளக்கு. கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்து, காணாமல் போன பிள்ளையை மீட்டு வந்தவர்போல நெஞ்சை நிமிர்த்தினார்.

மறுநாள் காலை அவள் சீப்போடு நின்றாள். பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டியது. ரிங் வரவில்லை.

"உங்க கண்ணாடிக்குப் பார்வை சரியில்லையோ?"

அவர் தம் செல்போனிலிருந்து அடித்துப் பார்த்தார். புதுப் போன் தெருவுக்கே கேட்கும்படி பாடியது.

"லைன் நல்லாத்தான்மா இருக்கு."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. லைன் நன்றாக இருக்கிறது என்றால் ரிங் விடுகிறவருக்குத்தான் ஏதோ.

"போய்ப் பாத்துட்டு வாங்க. நான் அனுப்பிச்சேன்னு சொல்லாதீங்க. ரிங்குக்குக் காத்துக்கிட்டிருக்கேன்னு மூச்சு விட்டீங்கன்னா, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அப்ப எதுக்கு வந்தேன்னு கேட்டா?"

"கண் செக் பண்ண வந்தேன்னு சொல்லுங்க."

ஊரின் அடுத்த கோடியில், இரண்டாம் மாடியில் இருந்தது மாமனார் வீடு. கதவைத் திறந்தவர் துவைத்து மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். உயிரோடு இருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை."

"எப்படி இருக்கீங்க மாமா?"

"இப்படி."

கண்ணாடிக்காரர் போகும் வழியில் புதுச் செல்போன் ஒன்று வாங்கியிருந்தார். அதை மேஜைமேல் வைத்து, ஒத்திகை பார்த்து வந்ததை ஒப்பித்தார். வயசு காலத்தில் தனியாக இருக்கிறீர்கள், எங்களுக்கும் ஒரு நிம்மதி, தினமும் காலையில் இதில் உங்கள் மகளுக்கு ஒரு வரி போட்டால் போதும்.

"வேண்டாம்" என்றார் தந்தி. "காலையில வர வேண்டியது வந்துக்கிட்டுதான் இருக்கு. அது போதும்."

சமையலறை மேடையில் பால் பாக்கெட் வியர்த்துக்கொண்டு கிடந்தது. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார்.

"பால் வேற, இது வேற மாமா."

"பாலா?"

"ஆமா, பால்."

மாமனார் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு, இவரிடம் வார்த்தையைக் கொட்டுவதில் பிரயோஜனம் இல்லை என்று தீர்மானித்தவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரத்தில் அதட்டிக்கொண்டே மேல்வீட்டம்மா உள்ளே வந்தாள். "என்ன பெரியவரே, புதுப் போனா? குடுங்க இப்படி, நான் சொல்லித் தரேன். வாட்ஸ்அப் ரொம்ப ஈஸி." மாமனாரால் மறுக்க முடியவில்லை. மறுப்பதற்கு நாலு வார்த்தையாவது பேச வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை மனைவியின் செல்போன் கூவியது. அவள் பறந்து வந்து எடுத்தாள்.

"உயிரோடு இருக்கிறேன்."

"பாத்தீங்களா?" என்றாள் அவள். "குத்திக் காட்டறார். செத்துட்டேனான்னு பாக்கத்தானே ஆள் அனுப்பினேன்னு கேக்கறார்."

"இல்லம்மா, தகவல் சொல்றார்."

"தகவலா? அந்த ரிங் இப்படியா இருந்துச்சு?"

அது நியாயமான கேள்விதான். ரிங்கில் வார்த்தை இல்லை. கேட்கிறவர் தமக்கு வேண்டியதை அதில் வைத்துக்கொள்ளலாம். இதில் வார்த்தை இருந்தது. வார்த்தை இருந்தால் முள்ளும் இருக்கத்தானே செய்யும்.

அரைமணி நேரத்தில் இன்னொன்று வந்தது. "கிடைத்ததா?"

"நீல டிக் விழுந்துடுச்சு, நீ படிச்சது அவருக்குத் தெரியும்" என்றார் கண்ணாடிக்காரர். "ஏதாவது போடு."

"நான் ஒண்ணும் போட மாட்டேன்."

அவள் திரும்பிய நேரம் பார்த்து அவரே கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டார். மத்தியானம் மேல்வீட்டம்மா கடைக்குப் போன் செய்தாள். "என்ன சார், உங்க மாமனார் காலையிலேர்ந்து சாப்பிடலை. 'அவ்வளவு படிக்க வெச்சேன், கைநாட்டு வைக்கறா'ன்னு உட்கார்ந்திருக்கார். நான் எவ்வளவோ சொல்லிட்டேன், அதுக்கு சரின்னு அர்த்தம்னு. கேக்க மாட்டேங்கறார்."

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று கண்ணாடிக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கட்டைவிரல் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். அவள் அவரை நன்றாகக் கவனித்துவிட்டு, "சரி, வார்த்தைதானே வேணும் அவருக்கு? தரேன்" என்று உட்கார்ந்தாள்.

இரவு சமையல் அன்று நடக்கவில்லை. அம்மாவின் கடைசி நாட்களில் தனக்கு ஏன் சொல்லவில்லை, விடுதியில் ஜுரத்தில் கிடந்தபோது ஏன் வரவில்லை, கல்யாணத்தன்று ஏன் ஒரு சொல்கூடச் சொல்லாமல் பேருந்தில் ஏற்றிவிட்டார், எல்லாவற்றையும் எழுதினாள். விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தாலும் முடிவு தெரியாத நீளம். அனுப்பினாள். இரண்டு டிக். நீலம்.

'டைப்பிங்' என்று வந்தது. கணவனும் மனைவியும் தலையோடு தலை ஒட்டி அதையே பார்த்தார்கள். நின்றது. மறுபடி வந்தது. நின்றது. ஏதோ ஒன்று வந்து விழுந்தது. படிப்பதற்குள் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஆகிவிட்டது.

"என்ன எழுதினார்? நீங்க பாத்தீங்களா?"

"எனக்குக் கிட்டத்துல இருக்கறது தெரியாதும்மா."

"ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறீங்களே!"

மறுபடி 'டைப்பிங்'. வெகு நேரம். கடைசியில் பதில் வந்தது.

"பெற்றேன்."

அவள் எழுந்து நின்றாள். "ஆயுசுக்கும் சேர்த்து வெச்சதைக் கொட்டியிருக்கேன். பெற்றேனாம்! ரிஜிஸ்டர் தபாலா அனுப்பினேன்?"

"அந்தக் காலத்து ஆபீஸ்ல அப்படித்தான்மா, பெற்றேன்னு..."

"நானும் அந்த ஆபீஸ்லதான் பிறந்தேனா?"

அவள் அப்பாவை ப்ளாக் செய்தாள். இருந்த உறவு ஒரே ரிங். அது போய், சண்டை போடும் உறவாகி, இப்போது அதுவும் இல்லை. எல்லாம் ஒரு முக்காலியைக் காலி செய்ததில் வந்தது. கண்ணாடிக்காரருக்குக் கடையில் கண் பரிசோதனை அட்டையில் பெரிய எழுத்துகூடச் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனதும் அவளுடைய செல்போனை எடுத்தார். ப்ளாக்கை நீக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. அமுக்கினார். நீங்கியது. சந்தோஷத்தில் விரல் இன்னொன்றிலும் பட்டது. திரையில் அவர் முகமே பெரிதாக வந்தது. பிறகு அது சிறிதாகி மூலைக்குப் போக, திரை முழுவதும் ஒரு காது தெரிந்தது. நரை முளைத்த, வயதான காது.

"மாமா, காதுல வெக்காதீங்க, இது வீடியோ கால்! முன்னாடி பிடிங்க!"

காது அசையவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

குளியலறைக்குள் தண்ணீர் நின்றது. "யாருகிட்ட பேசறீங்க? அவர்கிட்டயா? என் போன்லயா?"

"இல்லம்மா, அது வந்து..."

"சொல்லிடுங்க அவருக்கு, நல்லா சொல்லிடுங்க! அவர் செத்தா மறுபடியும் ஒரு மெசேஜ் வரும்ல, அப்ப வந்து பாத்துக்கறேன்!"

கண்ணாடிக்காரர் திரையைக் கையால் மூடினார். திரையை மூடினால் சத்தம் நிற்காது என்று அவருக்குத் தோன்றவில்லை. மெல்லக் கையை எடுத்தபோது காது போய், அந்த இடத்தில் ஒரு கண் தெரிந்தது. தொழில் பழக்கத்தில் அவர் கவனித்தார். வலது கண்ணில் புரை முற்றியிருந்தது.

"கேட்டது" என்றார் தந்தி. திரை கறுத்தது.

ஈரத் தலையோடு வந்தவள் போனைப் பிடுங்கி மறுபடி ப்ளாக் செய்தாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டார் என்று கண்ணாடிக்காரர் அவளிடம் சொல்லவில்லை. புரையைப் பற்றியும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்க் கண் பார்க்கிற சாக்கில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு வருவதற்குள் மேல்வீட்டம்மாவின் போன் வந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளர் எதிரே, மூக்கில் சோதனைச் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்க மாமனார்... நாற்காலியில உட்கார்ந்தபடியே சார். டாக்டர் வந்து பாத்துட்டார். நாலு மணிக்கு எடுத்துடலாம்னு சொல்றாங்க."

கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். மனைவியின் நம்பரை எடுத்தார். அடிக்க விரல் போனது. அவள் 'ஹலோ' என்பாள். அதற்குப் பிறகு என்ன சொல்வது? தொண்டையைச் செருமிப் பார்த்தார். குரல் இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. மெசேஜ் பக்கத்தைத் திறந்தார். அடித்தார், அழித்தார், அடித்தார். கடைசியில் நின்றதைப் படித்தார்.

"அப்பா இறந்துவிட்டார். நான்கு மணிக்கு அடக்கம். வா."

படித்ததும் அவர் கடைப் படியிலேயே உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த மனிதர் எங்கே உட்கார்ந்து அதை அடித்தாரோ!

அவர் அதை அழித்தார். ஆட்டோ பிடித்தார். உள்ளேயிருந்து, "சார், இப்ப எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது!" என்று வாடிக்கையாளர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குனிந்து மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். இவர் வரிசையைத் தாண்டி முன்னால் போனார். பின்னாலிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

"டோக்கன் எடுத்துட்டு வாங்க" என்றாள் அவள், நிமிராமல்.

"நான்தான்மா."

நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த மாத்திரை அட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மெசேஜ் வந்துச்சா?"

"இல்லம்மா. நானே வந்துட்டேன்."

நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போன பிறகு அப்பாவின் செல்போனை மேல்வீட்டம்மா கொண்டுவந்து கொடுத்தாள். மகள் திறந்து பார்த்தாள். "நலம்." அடுத்த நாள், "நலம்." அதற்கடுத்த நாளும் "நலம்." ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே ஒரு சாம்பல் டிக். எதுவும் அவளிடம் வந்து சேரவில்லை. கடைசி 'நலம்' அன்று காலை போட்டது.

அவள் வாய்விட்டு அழவில்லை. சுவரோரம் முக்காலியில் துணி போர்த்தியிருந்த பழைய போனைப் பார்த்தபடி இருந்தாள்.

"இதைப் போய் எழுத வெச்சோமே. அந்த ரிங்கே போதும்னு விட்டிருக்கலாம். ஒரு நாள் தப்பாம விட்டாரே."

"எதைச் சொல்றே? காலையில வர்ற ரிங்கா?" என்றாள் மேல்வீட்டம்மா. "அதை எனக்குச் சொல்றியா! தினமும் குளிச்சு, சட்டை போட்டுக்கிட்டு இதுக்குப் பக்கத்துல உட்காருவார். ஒரே ஒரு ரிங் வருமாம். 'மக'ன்னு சொல்லிட்டு எழுந்திருப்பார். அப்புறம்தான் காபி. இன்னிக்கும் அது வந்தப்புறம்தான் அவருக்கு..."

மகள் கணவரைப் பார்த்தாள். மேல்வீட்டம்மா போன பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் எங்கேங்க விட்டேன்? பெத்த மக திரும்பிப் பாக்கலைன்னு ஊரு பேசக் கூடாதுன்னு, நான் விடறதா சொல்லிக்கிட்டிருந்திருக்கார். என்னை விட்டுக் குடுக்கலை பாத்தீங்களா?" இப்போதுதான் அழுதாள். அழுகை நடுவே ஒரு தடவை சிரித்தாள்கூட. "தந்தி பொய்யும் சொல்லும்னு எனக்குத் தெரியாதே."

அன்று அங்கேயே தங்கினார்கள். விடிந்து, ஜன்னல் வெளுத்த நேரத்தில் அழைப்பு மணி கேட்டது. கண்ணாடிக்காரர் கதவைத் திறந்தார். தோளில் சுருளோடு அந்த லைன்மேன்.

"சார், நீங்களா? இன்னிக்கு இந்தத் தெரு. மொட்டை மாடிச் சாவி இந்த வீட்டுலதான்னு சொன்னாங்க. மேலேர்ந்து கம்பியை உருவணும்."

சாவியைத் தேட அவர் திரும்பினார். மனைவி தலையை முடிந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அப்போது முக்காலியில் துணிக்கடியிலிருந்து போன் அடித்தது.

ஒரே ஒரு தடவை. நின்றது.

அவள் முடியைப் பிடித்த கை அப்படியே நின்றது. விடுகிறவர் மண்ணுக்குள் இருந்தார். விடுகிறதாக அவர் சொன்னவள் இங்கே நின்றிருந்தாள். கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அன்று பால் பாக்கெட் கிடந்த மேடையைப் பார்த்தார்.

"யாருங்க அது?" என்றாள் அவள்.

லைன்மேன் சுருளை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "பயந்துட்டீங்களாம்மா? அதை யாரும் விடறதில்ல, எக்ஸ்சேஞ்ச்ல புது மெஷின் வெச்சதிலேர்ந்து, லைனுக்கு உயிர் இருக்கான்னு பாக்க, செம்புக் கம்பி இருக்கிற எல்லா வீட்டுக்கும் காலையில அதுவே ஒரு ரிங் விட்டுக்கும். ஏன், உங்க வீட்டுக்கும் வந்திருக்குமே, நீங்க கவனிச்சதே இல்லையா?"